கரும்புத் தோட்டமும் ஆங்கிலத் துறையும்

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஆங்கில இலக்கியத்தைத் தனிப் பட்டப்படிப்பாக ஏற்றுக்கொண்டது 1894இல். கேம்பிரிட்ஜுக்கு 1917 வரை ஆனது. அந்த ஊர்களில் படிப்பு என்றால் கிரேக்கமும் லத்தீனும்தான். தாய்மொழியில் இருக்கிற நாடகத்தையும் கவிதையையும் வாசித்துவிட்டு ஒருவன் பட்டம் கேட்பதா என்று பேராசிரியர்கள் பலர் முகம் சுளித்தார்கள். கல்கத்தாவில் கதை வேறு. 1817இல் தொடங்கிய இந்துக் கல்லூரியில் 1830களிலேயே மாணவர்கள் ஷேக்ஸ்பியரை வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். 1857இல் சென்னை, பம்பாய், கல்கத்தா என மூன்று பல்கலைக்கழகங்களும் பிறந்தபோது ஆங்கிலம் அவற்றின் நடுநாயகம். 1904இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில இலக்கியப் பேராசிரியர் ஆன வால்டர் ராலேகூட, 1885 முதல் 1887 வரை அலிகரில் முகமதிய ஆங்கிலோ-ஓரியண்டல் கல்லூரியில் பாடம் நடத்தியவர்தான்.

பேரரசின் இலக்கியத்தை எப்படிப் படிப்பது என்ற விவாதத்தை இந்த ஆண்டுக்கணக்கிலிருந்து தொடங்கக் காரணம் உண்டு. வழக்கமாக இந்தக் கேள்வி நூல்களை நோக்கியே கேட்கப்படுகிறது. கிப்ளிங் ஆதிக்கவாதியா? கான்ராட் இனவெறியரா? ஜேன் ஆஸ்டினுக்கு அடிமை வியாபாரம் தெரியுமா? ஆனால் ஆங்கில இலக்கியம் என்ற பாடமே காலனி நிர்வாகத்தின் தேவையோடு சேர்ந்து வளர்ந்தது என்றால், விசாரணை நூலோடு நிற்க முடியாது. அந்த நூலை வைத்திருக்கும் துறைக்கும், அந்தத் துறைக்குச் சுவர் எழுப்பிய பல்கலைக்கழகத்துக்கும் அது போயாக வேண்டும். முதல் வகைக் கேள்விக்குக் கடந்த ஐம்பது ஆண்டுகளில் குவியல் குவியலாக விடை எழுதியாகிவிட்டது. இரண்டாவதைத் தொட்டவர்கள் குறைவு.

தொட்டவர்களில் முக்கியமானவர் கௌரி விஸ்வநாதன். 1989இல் வெளிவந்த அவருடைய ‘மாஸ்க்ஸ் ஆஃப் கான்குவெஸ்ட்’ ஆங்கிலப் பாடத்தின் இந்தியப் பிறப்பை ஆவணங்களிலிருந்து எழுதியது. 1813ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம், இந்தியர்களின் கல்விக்கென ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கும்படி கிழக்கிந்தியக் கம்பெனியைக் கட்டாயப்படுத்தியது. இங்கிலாந்திலேயே அரசு கல்விக்குப் பணம் தராத காலம் அது. பணம் வந்தது, எதைக் கற்பிப்பது? விவிலியத்தைக் கற்பிக்கச் சொன்னார்கள் மிஷனரிகள். கம்பெனிக்கோ பயம். 1806இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது, மதத்தில் கைவைத்ததுதான் காரணம் என்ற பேச்சு லண்டன்வரை போயிருந்தது. மதத்தை நேராகச் சொல்லித்தர முடியாது, ஆனால் ஒழுக்கமும் விசுவாசமும் வேண்டும். அந்த இடத்துக்கு மில்டனும் பேக்கனும் அடிசனும் வந்தார்கள். கிறிஸ்தவத்தின் அறநெறி இலக்கிய வேடத்தில் வகுப்புக்குள் நுழைந்தது என்பது விஸ்வநாதனின் வாதம். 1835 பிப்ரவரி 2 தேதியிட்ட மெக்காலேயின் குறிப்பையும் அதிலுள்ள அலமாரித் தட்டு ஏளனத்தையும் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். இருபது ஆண்டு நடந்த ஓர் இழுபறியில் அந்தக் குறிப்பு கடைசியில் வந்த ஒரு காகிதம். மெக்காலேயை மட்டும் திட்டிவிட்டுப் போவது எல்லோருக்கும் வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

விஸ்வநாதனுக்கு மறுப்பும் உண்டு. எடின்பரோவில் 1762லேயே ஹியூ பிளேருக்கு அணியியல், கவின் இலக்கியம் இவற்றுக்கான அரச இருக்கை கிடைத்துவிட்டது. ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்கள் பேச்சைச் செம்மைப்படுத்திக்கொள்ள முயன்றதில்தான் இந்தப் பாடம் பிறந்தது என்கிறார் ராபர்ட் கிராஃபோர்டு. லண்டனில் 1828இலேயே ஓர் ஆங்கிலப் பேராசிரியர் இருந்தார். தொழிலாளர் கல்விக் கழகங்களிலும் பெண்கள் கல்லூரிகளிலும் ஆங்கில இலக்கியம் பழைய பல்கலைக்கழகங்களை முந்திக்கொண்டது. இந்த மறுப்புகள் எனக்கு விஸ்வநாதனை வீழ்த்துவதாகத் தோன்றவில்லை. ஸ்காட்லாந்துக்காரர், தொழிலாளி, பெண், காலனிக் குடிமகன் என்று, ‘திருத்தப்பட வேண்டியவர்’ எனக் கருதப்பட்டவர்களுக்கே முதலில் இந்தப் பாடம் போயிருக்கிறது. ஆளப்போகிற கனவானின் மகனுக்கு அது தேவைப்படவில்லை.

திருத்தும் வேலையைச் சிலர் ஒளிவுமறைவின்றிச் செய்தார்கள். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியை நெடுங்காலம் நடத்திய வில்லியம் மில்லர், ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனையும் இந்திய அரசியலையும் சேர்த்து 1900இல் ஒரு நூலே எழுதினார். பிரிட்டானியா தீவின் ஒரு கற்பனை அரசனிடமிருந்து சென்னை மாகாணத்துப் பட்டதாரிக்கு அரசியல் நிதானம் பற்றிப் பாடம்! இதைச் சிரித்து ஒதுக்கலாம். ஆனால் மில்லரின் மாணவர்கள் அவரை நேசித்தார்கள் என்பதும் உண்மை. இந்த விவகாரத்தின் சிக்கலே அங்கேதான் இருக்கிறது. ஆர்.கே. நாராயணின் ‘தி இங்கிலீஷ் டீச்சர்’ (1945) நாவலில் வேலையை விடத் தீர்மானிக்கும் கிருஷ்ணன், இந்தக் கல்விமுறையைத் தாக்கி நீளமான ஒரு ராஜினாமாக் கடிதம் எழுதுகிறான். எழுதிப் பார்த்தால் அது ஞாயிறு மலர்க் கட்டுரை மாதிரி இருக்கிறது. ஷேக்ஸ்பியரையும் ஷெல்லியையும் எப்படி வெறுப்பது? கிழித்துப்போட்டுவிட்டு இரண்டு வரியில் வேறு கடிதம் எழுதுகிறான். பின்காலனியக் கோட்பாடு பிறப்பதற்கு முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கிழிந்த தாளில் அதன் பாதி விவாதம் அடங்கியிருக்கிறது.

நூல்களை மறுவாசிப்புக்கு உட்படுத்தியவர்களில் எட்வர்டு சயீதின் இடம் தனி. 1978இல் ‘ஓரியண்டலிசம்’ கீழ்த்திசை பற்றிய மேற்கின் அறிவு எப்படி அதிகாரத்தோடு பின்னியது என்று காட்டியது. இலக்கிய மாணவருக்கு அதைவிடப் பயன்படுவது 1993இல் வந்த ‘கல்ச்சர் அண்ட் இம்பீரியலிசம்’. அதில் சயீது ஜேன் ஆஸ்டினின் ‘மேன்ஸ்ஃபீல்டு பார்க்’ (1814) நாவலை எடுத்துக்கொள்கிறார். ஓர் ஆங்கிலக் கிராமத்து மாளிகை, திருமண வயதுப் பெண்கள், வீட்டு நாடக ஒத்திகை. மாளிகைக்குச் சொந்தக்காரரான சர் தாமஸ் பெர்ட்ரம் கதையின் நடுவே ஆன்டிகுவாவுக்குக் கப்பலேறிப் போய்விடுகிறார். அங்கே அவருக்குச் சொத்து இருக்கிறது. அதில் ஏதோ சிக்கல். ஆன்டிகுவாவில் அப்போது சொத்து என்றால் கரும்பு. கரும்பு என்றால் அடிமைகள். அவர் திரும்பிய பிறகு, வீட்டில் ஏழை உறவுக்காரியாக வளரும் ஃபேன்னி அடிமை வியாபாரத்தைப் பற்றி அவரிடம் ஒரு கேள்வி கேட்கிறாள். அறையில் யாரும் வாய் திறக்கவில்லை. நாவல் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறது.

பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடை செய்தது 1807இல். அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல்தான் வந்தது. அதாவது ஆஸ்டின் எழுதியபோது ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்களைக் கொண்டுவருவது குற்றம், வைத்திருப்பது குற்றமில்லை. இந்தப் பின்னணியை மேசைமேல் வைத்துவிட்டு, மாளிகையின் ஒழுங்கையும் தோட்டத்தின் கொடுமையையும் ஒருசேர வாசிக்கச் சொன்னார் சயீது. ஆஸ்டினை நிராகரி என்று அவர் சொல்லவில்லை. சயீதை மேலோட்டமாகப் படித்தவர்கள்தான் அப்படிச் சொன்னார்கள், எதிர்த்தவர்களும் அந்த மேலோட்டத்தையே எதிர்த்தார்கள்.

அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல் முழுக்கக் கடல்கடந்த பணம் தெரிகிறது. ‘ஜேன் அயர்’ (1847) நாவலின் மாடியறையில் பூட்டி வைக்கப்பட்ட பைத்தியக்கார மனைவி ஜமைக்காக்காரி. அவளை அன்டுவனெட் என்ற பெயரோடு தனி மனுஷியாக்கி, டொமினிக்காத் தீவில் பிறந்த ஜீன் ரீஸ் 1966இல் எழுதினார். அதே ‘ஜேன் அயர்’ நாவலில் செயின்ட் ஜான் என்ற பாதிரி இந்தியாவுக்குப் போகத் துடிக்கிறார், ஜேனை இந்துஸ்தானி படிக்க வைக்கிறார். ஜமைக்காவைக் கவனித்த அளவுக்கு நம்மவர்கள்கூட அதைக் கவனிப்பதில்லை. வில்கி காலின்ஸின் ‘தி மூன்ஸ்டோன்’ (1868) 1799 ஸ்ரீரங்கப்பட்டணக் கொள்ளையில் தொடங்குகிறது. ஓர் ஆங்கில அதிகாரி கொலை செய்து திருடிய வைரம் ஆங்கில வீடு ஒன்றின் நிம்மதியைக் கெடுக்கிறது, முடிவில் சோமநாதபுரத்துச் சந்திரக் கடவுளிடம் திரும்பிவிடுகிறது. 1857 சிப்பாய் எழுச்சி நடந்து பதினோரு ஆண்டில், திருட்டுப் பொருள் சொந்தக்காரரிடம் போவதாக ஒரு லண்டன் எழுத்தாளர் எழுதியிருக்கிறார். பேரரசின் காலத்து எழுத்தாளர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசினார்கள் என்று நினைப்பவர்கள் இதையும் படிக்க வேண்டும். மறுபக்கமும் இருக்கிறது: 1865இல் ஜமைக்காவின் மொரண்ட் பேயில் எழுந்த மக்களை ஆளுநர் அயர் கொன்று குவித்தபோது கார்லைல், டிக்கன்ஸ், டென்னிசன், ரஸ்கின் நால்வரும் ஆளுநர் பக்கம் நின்றார்கள். ஏழைச் சிறுவர்களுக்காக நம்மை அழவைத்த டிக்கன்ஸ்தான்.

கான்ராடைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. 1890இல் காங்கோ ஆற்றில் நீராவிப் படகில் வேலை பார்த்தவர் அவர். பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் சொந்தச் சொத்தாக இருந்த அந்நாட்டில் நடந்த கொள்ளையை 1899இல் ‘ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்’ குறுநாவலாக்கினார். அந்தக் கொள்ளையைப் பற்றிய ரோஜர் கேஸ்மென்டின் விசாரணை அறிக்கை வெளிவர அதற்குப் பிறகு ஐந்து ஆண்டு ஆனது. ஆகவே ஐரோப்பிய மனசாட்சியின் குரலாக அந்தக் குறுநாவல் பல காலம் வகுப்பில் கொண்டாடப்பட்டது. 1975 பிப்ரவரியில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் சினுவா அச்சேபே ஓர் உரை நிகழ்த்தினார். கான்ராட் அப்பட்டமான இனவெறியர் என்றார். ஒரு வெள்ளைக்காரனின் மனச்சிதைவைக் காட்ட ஒரு கண்டத்தையே மேடைத் திரையாக்கி, அதன் மக்களுக்குப் பேச்சைக்கூட மறுத்த நாவலை எப்படி மகத்தான கலை என்பது என்று கேட்டார்.

அச்சேபே சொன்னதில் மிகை உண்டு. கதையைச் சொல்வது கான்ராட் அல்ல, மார்லோ என்ற பாத்திரம். மார்லோவையும் கான்ராட் நம்ப விடுவதில்லை. ஆனால் இந்த நுட்பமான சமாதானத்தைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு சங்கடம் வருகிறது. காங்கோக்காரர்களுக்கு நாவலில் கிடைப்பது ஓரிரண்டு வாக்கியம்தான் என்ற கணக்கை எந்தக் கதைசொல்லல் உத்தியும் மாற்றாது. அச்சேபேயின் உண்மையான பதில் அந்த உரைக்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. ‘திங்ஸ் ஃபால் அபார்ட்’ (1958) ஓர் இக்போ ஊரின் சட்டம், சண்டை, பழமொழி, கொடுமை எல்லாவற்றையும் உள்ளிருந்து சொல்லிக்கொண்டே வந்து, கடைசிப் பக்கத்தில் திடீரென்று மாவட்ட அதிகாரியின் தலைக்குள் நுழைகிறது. நாயகனின் முழு வாழ்வும் அவர் எழுதப்போகும் புத்தகத்தில் ஒரு பத்தியாகச் சுருங்குகிறது. இபாதான் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஜாய்ஸ் கேரியின் ‘மிஸ்டர் ஜான்சன்’ படித்துக் கொதித்த மாணவனின் பழிவாங்கல் இவ்வளவு அடக்கமாக இருந்தது.

கிப்ளிங், ஃபார்ஸ்டர், ஆர்வெல் மூவரையும் பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். நான் கூட்ட ஒன்றுமில்லை. அவர்களை விட நம் பக்கத்துக்கு அருகில் இருந்தும் குறைவாகப் பேசப்படுபவர் லெனார்டு வுல்ஃப். வர்ஜீனியா வுல்ஃபின் கணவர் என்று சொன்னால்தான் பலருக்குத் தெரிகிறது. இலங்கை சிவில் சர்வீஸில் 1904 இறுதியில் சேர்ந்து யாழ்ப்பாணம், கண்டி, அம்பாந்தோட்டை என்று ஆறரை ஆண்டு ஆட்சி செய்தார். வேலையை விட்டு 1913இல் ‘தி வில்லேஜ் இன் தி ஜங்கிள்’ எழுதினார். ‘எ பாசேஜ் டு இந்தியா’வுக்கும் ‘பர்மீஸ் டேஸ்’ நாவலுக்கும் முந்தியது. அந்த இரண்டிலும் வெள்ளைக்காரர்களின் கிளப் கதையின் நடுவே இருக்கிறது. வுல்ஃபின் நாவலில் கிளப் கிடையாது. சிலிந்து என்ற சிங்கள வேட்டைக்காரனும் அவன் மகள்களும்தான் மையம். நீதிமன்றத்தில் நடப்பது ஒன்றும் புரியாமல் நிற்கும் கிராமத்தானின் பார்வையிலிருந்து அந்த விசாரணை எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவரோ அதே நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர். யாழ்ப்பாணத்தில் குதிரைச் சவாரியின்போது தன் முகத்தில் சாட்டையை வீசியதாக ஒரு தமிழ் வழக்கறிஞர் அவர்மேல் புகார் கொடுத்த கதையை வுல்ஃப் தன்வரலாற்றில் சொல்கிறார். அப்படி நடக்கவில்லை என்று மறுத்துவிட்டு, குதிரைமேல் தான் அமர்ந்திருந்த தோரணையே அவர்களுக்கு முகத்தில் விழுந்த அடிதான் என்றும் ஒப்புக்கொள்கிறார். பேரரசைப் பற்றி அதன் ஊழியர் ஒருவர் சொன்ன நேர்மையான வாக்குமூலங்களில் இது ஒன்று. சிங்களத்தில் இந்த நாவலை லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் படமாக்கினார். நீதிபதியாக வருபவர் அறிவியல் புனைகதையாளர் ஆர்தர் சி. கிளார்க்.

திருப்பி எழுதுதல் ஒரு மரபாகவே ஆனது. மார்த்தினிக்கின் எமே செசேர் 1969இல் ஷேக்ஸ்பியரின் ‘டெம்பெஸ்ட்’ நாடகத்தை அடிமை காலிபனின் பக்கமிருந்து மாற்றி எழுதினார். தென்னாப்பிரிக்காவின் கூட்ஸி 1986இல் ராபின்சன் குரூசோவின் வேலைக்காரனான ஃபிரைடேயை நாக்கு அறுபட்டவனாகக் காட்டினார். நல்ல நூல்கள், ஆனால் இந்த வகையில் ஒரு சிக்கல் இருக்கிறது. பதில் எழுதும்போதெல்லாம் கேள்வித்தாள் பழைய இடத்திலிருந்தே வருகிறது. ஜீன் ரீஸைப் படிக்க ‘ஜேன் அயர்’ எழுதிய சார்லட் பிராண்டேயைப் படித்திருக்க வேண்டும். தலைகீழாக அந்த நிபந்தனை இல்லை.

இதை முதலில் கறாராகச் சொன்ன இடம் நைரோபி. 1968 அக்டோபர் 24ஆம் தேதி நைரோபிப் பல்கலைக்கழகக் கல்லூரியின் மூன்று ஆசிரியர்கள், ஜேம்ஸ் ங்கூகி என்ற பெயரில் அப்போது அறியப்பட்ட ங்கூகி வா தியாங்கோவும் ஹென்றி ஓவுவோர்-அன்யும்பாவும் தபன் லோ லியோங்கும், ஆங்கிலத் துறையை ஒழித்துவிடலாம் என்று ஒரு குறிப்பு எழுதினார்கள். பாடத்திட்டத்தில் நாலு ஆப்பிரிக்க நாவலைச் சேர்க்கும் கோரிக்கை அதில் இல்லை. ஒரே ஒரு பண்பாட்டின் தொடர்ச்சியைப் படிப்பது அவசியம் என்றால் அது ஏன் ஆப்பிரிக்கப் பண்பாடாக இருக்கக் கூடாது? வாய்மொழிக் கதையும் பாட்டும் சுவாஹிலியும் நடுவில் இருக்கட்டும், ஆங்கிலமும் பிரெஞ்சும் ஆசிய இலக்கியமும் அதோடு உறவு கொண்டு சுற்றிலும் நிற்கட்டும் என்றார்கள். பெரும் விவாதத்துக்குப் பிறகு ஆங்கிலத் துறை இலக்கியத் துறையாக மாறியது.

ங்கூகி அதோடு நிற்கவில்லை. 1977இல் கென்ய ஆட்சியாளர்களைத் தோலுரிக்கும் ஓர் ஆங்கில நாவலை வெளியிட்டார். யாரும் அவரைத் தொடவில்லை. அதே ஆண்டு கமிரீத்து என்ற ஊரில் விவசாயிகளோடும் தொழிலாளிகளோடும் சேர்ந்து கிகூயு மொழியில் ஒரு நாடகம் போட்டார். அரங்கேற்றத்துக்குத் தடை வந்தது. டிசம்பர் 31ஆம் தேதி அவரைக் கைது செய்து ஓராண்டு விசாரணையின்றி வைத்திருந்தார்கள். சிறையில் கழிப்பறைத் தாளில் கிகூயு மொழியில் நாவல் எழுதினார். எந்த மொழியில் எழுதினால் அரசுக்கு வலிக்கிறது என்பதை கென்ய அரசே காட்டிக்கொடுத்துவிட்டது. 2025 மே மாதம் அவர் மறைந்தபோது வந்த அஞ்சலிகளில் பெரும்பாலானவை நோபல் கிடைக்காததைப் பற்றிப் பேசின. நைரோபிக் குறிப்பைப் பற்றிப் பேசியிருக்கலாம்.

பரிசுகள் பற்றிய பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். பின்காலனிய நாவலுக்கு உலகச் சந்தையை அமைத்துக்கொடுத்தது புக்கர் பரிசு: நைபால் 1971, ருஷ்டி 1981, அருந்ததி ராய் 1997, ஷெஹான் கருணாதிலக 2022. பரிசை நிறுவிய புக்கர் மக்கானெல் நிறுவனம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பிரிட்டிஷ் கயானாவில் சர்க்கரைத் தொழில் செய்தது. அடிமை முறை போன பிறகு அந்நாட்டுத் தோட்டங்களுக்கு 1838 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். சென்னையில் கப்பலேறியவர்களும் அவர்களில் உண்டு. புக்கர் நிறுவனம் 1960களில் எழுத்தாளர்களின் பதிப்புரிமையை வாங்கும் தொழிலிலும் இறங்கியது, ஜேம்ஸ் பாண்டைப் படைத்த இயன் ஃபிளெமிங்கின் உரிமை உட்பட. 1972இல் பரிசு வாங்கிய ஜான் பெர்ஜர், கரீபியனைச் சுரண்டிய பணம் இது என்று மேடையிலேயே சொல்லி, பாதித் தொகையைக் கறுஞ்சிறுத்தைகள் இயக்கத்துக்குக் கொடுப்பதாக அறிவித்தார். மேன்ஸ்ஃபீல்டு பார்க்கின் ஆன்டிகுவாப் பணத்தைக் கண்டுபிடித்த விமர்சகர்களில் எத்தனை பேர் தங்கள் ஆய்வுப் பட்டியலைத் தேர்ந்துகொடுத்த இந்தப் பணத்தைப் பற்றி எழுதினார்கள்?

வாசகர்கள் பக்கம் திரும்புவோம். காலனிய வகுப்பறை ஷேக்ஸ்பியரையும் மில்டனையும் கொடுத்தது. காலனிய வாசகர் அவர்களை மட்டுமா படித்தார்? ப்ரியா ஜோஷி 2002இல் வெளியிட்ட ‘இன் அனதர் கன்ட்ரி’ இந்திய நூலகங்களின் பழைய பதிவுகளிலிருந்து வேறொரு படம் வரைகிறது. நம்மவர்கள் விழுந்து விழுந்து படித்தது ஜி.டபிள்யூ.எம். ரெய்னால்ட்ஸை. லண்டன் சந்துகளின் மர்மங்களைக் காலணா வார இதழ்போல எழுதித் தள்ளியவர். பிரபுக்களை வெறுத்த சார்ட்டிஸ்ட் இயக்கத்துக்காரர். எந்த ஆங்கிலத் துறையும் அவரைச் சீண்டியதில்லை. தமிழில் அவருடைய வாரிசுகள் தழைத்தார்கள். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் அவரைத் தமிழ்ப் பெயர் சூட்டி ஊர் மாற்றி உலவவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலையடிகள் 1911இல் எழுதிய ‘குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி’யும் ரெய்னால்ட்ஸின் ‘லைலா’ நாவலின் தழுவல்தான்.

இதைவிட விசித்திரமானது மனோன்மணீயத்தின் வம்சாவளி. பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட அந்த நாடகத்துக்குக் கதைக்கரு கொடுத்தது எட்வர்டு புல்வர் லிட்டனின் ஒரு கவிதைக்கதை. லிட்டன் வெறும் எழுத்தாளர் இல்லை. 1858-59இல் பிரிட்டனின் காலனி விவகார அமைச்சர். அவர் மகன் ராபர்ட் லிட்டனும் கவிஞர், இந்தியாவின் வைஸ்ராயும்கூட. 1876-78 பஞ்சத்தில் சென்னை மாகாணம் செத்துக்கொண்டிருக்கையில் 1877 ஜனவரியில் டெல்லியில் தர்பார் கொண்டாடியவர். அடுத்த ஆண்டு இந்திய மொழிப் பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டுச் சட்டம் போட்டவர். அந்தக் குடும்பத்தின் கதைச் சரக்கிலிருந்து எழுந்த நாடகத்தின் பாயிரத்தில்தான் இன்று தமிழ்நாட்டில் நாம் எழுந்து நின்று பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து இருக்கிறது. இதில் அவமானம் ஏதும் இல்லை. ஆதிக்கம், எதிர்ப்பு என்ற இரண்டு பெட்டிக்குள் இதை அடைக்க முடியாது என்பதே எனக்கு முக்கியம். எடுத்துக்கொண்டவர் தன் தேவைக்கு எடுத்துக்கொண்டார், கொடுத்தவர் யார் என்று கேட்டு நிற்கவில்லை.

ஆங்கிலமும் அப்படித்தான். தலித் சிந்தனையாளர் சந்திரபான் பிரசாத் மெக்காலேயின் பிறந்தநாளான அக்டோபர் 25ஐக் கொண்டாடுகிறார்; 2010இல் உத்தரப் பிரதேசத்தின் பாங்கா கிராமத்தில் ஆங்கில தேவிக்கு ஒரு கோயிலே எழுப்பத் தொடங்கினார்கள். சமஸ்கிருதப் பாடசாலையின் வாசலில் நிறுத்தப்பட்டவர்களுக்கு மெக்காலேயின் குறிப்பு வந்த 1835 இழப்பின் ஆண்டு இல்லை. பின்காலனிய ஆய்வு தேசத்தை ஒரே காயம்பட்ட உடலாகப் பேசும்போது இந்த வாசகர் அதில் காணாமல் போகிறார். இதற்கு நேரான மறுமொழி எதையும் நான் இன்னும் படிக்கவில்லை.

பின்காலனியக் கோட்பாட்டின் மேல் வந்த விமர்சனத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஐஜாஸ் அகமது 1992இலும் ஆரிஃப் டிர்லிக் 1994இலும் கேட்டது ஏறக்குறைய ஒன்றுதான்: மூன்றாம் உலகைப் பற்றிய இந்தப் பேச்சு ஏன் முதல் உலகப் பல்கலைக்கழகத்தில், அங்கே குடியேறியவர்களின் குரலில், முதலாளியத்தைத் தொடாத மொழியில் நடக்கிறது? முழுக்க நியாயமான கேள்வி இல்லை. சயீதின் பாலஸ்தீனப் பணியை யாரும் பாதுகாப்பான வேலை என்று சொல்ல முடியாது. ஆனால் இந்தியத் துறைகளுக்கு அது பொருந்தியது. இங்கே கோட்பாட்டாளர்கள் ஹோமி பாபாவும் ஸ்பிவாக்கும் அவர்கள் விமர்சித்த அதே கப்பலில் வந்து இறங்கினார்கள். ஸ்பிவாக் 1988இல் விளிம்புநிலையாள் பேச முடியுமா என்று கேட்டார். நம் ஆய்வேடுகள் அந்தக் கேள்வியை முன்னுரையில் வைத்துவிட்டு அதே நான்கு ஆங்கில நாவல்களை மறுபடி அலசின. பிரிட்டனில் நிலைமை ஒன்றும் மேலாக இல்லை. 2017இல் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் பாடத்திட்டத்தை விரிக்கச் சொல்லி ஒரு கடிதம் எழுதியதற்கு, வெள்ளை எழுத்தாளர்களை நீக்கப் போகிறார்கள் என்று ஒரு நாளிதழ் முதல் பக்கத்தில் அலறி மறுநாள் திருத்தம் போட்டது. அங்கே பள்ளி இறுதித் தேர்வில் வெள்ளையரல்லாத எழுத்தாளர் ஒருவரின் நூலைப் படிப்பவர்கள் 1 விழுக்காட்டுக்கும் குறைவு என்று 2021இல் ஓர் ஆய்வு சொன்னது.

மீண்டும் தோட்டத்துக்கு வருகிறேன். அடிமைகள் விடுதலையானதும் சொந்தக்காரர்களுக்கு 2 கோடி பவுன் நஷ்டஈடு போனது. கரும்பு வெட்ட 1834 முதல் மொரீஷியஸுக்கும், 1860 முதல் நேட்டாலுக்கும், 1879 முதல் ஃபிஜிக்கும் இந்தியர்கள் போனார்கள். 1860 நவம்பரில் டர்பன் கரையில் முதலில் இறங்கியவர்கள் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் போனவர்கள். ஃபேன்னியின் கேள்விக்கு மாளிகையில் விடை வராததைப் பற்றி நூற்றுக்கணக்கான கட்டுரைகள் உண்டு. அதே தோட்ட அமைப்பின் அடுத்த கட்டத்தைப் பற்றி ஒருவர் வாய்விட்டு அலறியிருக்கிறார்: பாரதி, ஃபிஜியின் கரும்புத் தோட்டப் பெண்களைப் பற்றி. 1930களில் புதுமைப்பித்தன் ‘துன்பக் கேணி’யில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மருதியை இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பி, துரை, கங்காணி, நோய், வம்சம் என்று எதையும் மறைக்காமல் எழுதினார். மௌனத்தைத் துருவிய விமர்சனம், பேச்சு இருந்த இடத்துக்குப் போகவில்லை. அந்தப் பேச்சு தமிழில் இருந்தது, தமிழ் வேறு துறை.

ஆங்கிலத்திலும் அந்தப் பேச்சு இல்லாமலில்லை. இலங்கை மலையகத்தின் சி.வி. வேலுப்பிள்ளை, 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் போனவர், அடுத்த ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தில் தன் மக்கள் நாடற்றவர்கள் ஆனதைப் பார்த்தவர். ‘இன் சிலோன்ஸ் டீ கார்டன்’ என்ற நெடுங்கவிதையை அவர் ஆங்கிலத்தில் எழுதினார். சக்தி அ. பாலையா அதை ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று தமிழாக்கினார். ஒரு பக்கம் லயத்து மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்த அதே கைதான் ஆங்கிலக் கவிதையும் எழுதியது. மலேசியாவில் கே.எஸ். மணியத்தின் ‘தி ரிட்டர்ன்’ (1981), ஆங்கிலப் பள்ளிக்குப் போகும் கூலிக் குடும்பத்துப் பையனின் கதை. வால்பாறைப் பக்கத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் ‘ரெட் டீ’யை ஆங்கிலத்தில் எழுதினார். இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழுக்கு வர 2007 ஆனது; 2013இல் பாலாவின் ‘பரதேசி’ வந்தபோது பலர் அதைத் தேடிப் படித்தார்கள்.

இவற்றையும் மேன்ஸ்ஃபீல்டு பார்க்கையும் ஒரே தாளில் வைத்துக் கற்பிக்க என்ன தடை? 1956லேயே ஜாதவ்பூரில் புத்ததேவ போஸ் ஒப்பிலக்கியத் துறை தொடங்கிக் காட்டினார்; அந்த வழியில் போன பல்கலைக்கழகங்கள் சொற்பம். தடை கொள்கையில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, நடைமுறையில் இருக்கிறது. ஆஸ்டினைத் தெரிந்த ஆசிரியருக்கு மருதியின் ஊர் வழக்கு பிடிபடாது. புதுமைப்பித்தனில் ஊறியவருக்கு ஆன்டிகுவாவின் சட்ட வரலாறு புதிது. இருவரும் ஒரே வகுப்பில் நிற்க வேண்டும், விடைத்தாள் இரண்டு மொழியிலும் வரலாம் என்று ஏற்க வேண்டும், அந்தப் பாடவேளையை எந்தத் துறையின் கணக்கில் எழுதுவது என்று யாராவது முடிவு செய்ய வேண்டும். நைரோபிக் குறிப்பு கேட்டதும் இப்படிப்பட்ட அலுப்பூட்டும் மாற்றங்களைத்தான். டேனியலின் நாவலைச் சேர்க்கலாம் என்று யாராவது எழுந்து சொன்னால், எங்கள் கல்லூரிகளில் இன்றும் முதலில் வரும் கேள்வி அது இந்திய ஆங்கில நாவலா, தமிழில் மொழிபெயர்ப்பு இலக்கியமா என்பது.